வெட்டுவதற்கு முன் ஒரு முறை

பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை வளாகத்தில் மூளைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகளை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துச் சென்றேன். பக்கவாதத்தால் ஒரு பகுதி கரைந்துபோன மூளை, கட்டி வளர்ந்து நடுக்கோடே ஒரு பக்கம் தள்ளப்பட்ட மூளை, நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் பொதிந்த மூளை என ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த பிறகு, அங்கிருந்தவர் கையுறை கொடுத்து, ஃபார்மலினில் ஊறிக் கெட்டிப்பட்ட ஒரு முழு மூளையை அவள் உள்ளங்கைகளில் வைத்தார். மங்கிய மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். பனீர்க் கட்டியை ஒத்த உறுதி. ஒன்றேகால் கிலோவை ஒட்டிய எடை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து மேசையில் இன்னொரு மூளை விரற்கடை கனமுள்ள துண்டுகளாக வெட்டி வரிசையாக அடுக்கப்பட்டிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, வெட்டினாத்தான் உள்ளே தெரியும். ஆனா வெட்டிட்டா அப்புறம் அது முழுசா இருக்காதே?"

மூளையின் உடற்கூற்றியல் நூற்றாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் சிக்கல் இதுதான். சி.டி. படங்களைக் கணினியில் மீட்டுருவாக்கும் மென்பொருள் எழுதுவது என் தொழில் என்பதால், அவளுக்கு அங்கே நின்றபடி சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலின் முழு வடிவத்தை இங்கே எழுதுகிறேன்.

மூளையைப் பார்ப்பதற்கு இன்று நம்மிடம் உள்ள கருவிகள் இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு முனையில் மருத்துவமனை எம்.ஆர்.ஐ.; அது உயிரோடு இருப்பவரின் மூளையை முழுமையாகக் காட்டும், ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், மூளையின் மேலடுக்கான புறணியில் அந்த ஒரு கன மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் நரம்பணுக்கள் அடங்கிவிடும். மறுமுனையில் எலக்ட்ரான் நுண்ணோக்கி. அது இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்திலுள்ள சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைக்கூடக் காட்டும், ஆனால் அதற்காகத் திசுவை 30, 40 நானோமீட்டர் கனத்தில் சீவியாக வேண்டும். 2024 அக்டோபரில் முழுமையாக வெளியான பழ ஈயின் மூளை வரைபடம் அப்படித்தான் கிடைத்தது. கசகசா அளவேயான அந்த மூளையை ஏழாயிரம் சீவல்களாக்கி, படமெடுத்து, மீண்டும் கணினியில் அடுக்கி, 1,39,255 நரம்பணுக்களையும் அவற்றுக்கிடையேயான சுமார் 5 கோடி இணைப்புகளையும் கண்டறிந்தார்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. சீவி அடுக்கும் வழியில் அங்கே எப்போது போய்ச் சேர்வோம் என்று கணக்குப் போடவே மலைப்பாக இருக்கிறது.

இந்த இரு முனைகளுக்கும் நடுவே, அதாவது சில நூறு நானோமீட்டரிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர் வரை, பெரியதொரு வெற்றிடம் இருந்தது. நரம்பணுக்களின் உடல்கள், நுண்ணிய இரத்தக் குழாய்கள், நரம்பிழைக் கற்றைகளின் போக்கு ஆகியவை எல்லாம் அந்த அளவில்தான் இருக்கின்றன. எக்ஸ்-கதிர் இன்று நிரப்பிக்கொண்டிருப்பது அந்த நடு இடத்தை.

இதைச் சொன்னவுடன் எவருக்கும் எழும் ஐயம் ஒன்று உண்டு. எலும்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் மூளை போன்ற மென்திசுவில் எதைக் காட்டிவிடும்? நியாயமான ஐயம். மருத்துவமனை சி.டி.யின் அளவுகோலில் நீருக்கு 0, காற்றுக்கு −1000, அடர்ந்த எலும்புக்கு 1000 அல்லது அதற்கும் மேல் என்று எண் கொடுக்கிறார்கள். அதே அளவுகோலில், நரம்பணு உடல்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருளுக்கும் நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுமார் பத்து எண்கள்தாம். நீர் கதிரை உறிஞ்சும் அளவில் நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு வேறுபாட்டிலிருந்து ஒரு தனி நரம்பணுவைப் பிரித்தெடுப்பது ஆகாத காரியம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது.

ஒரு வழி, திசுவுக்குச் சாயமேற்றுவது. அயோடின் கரைசலில் ஊறவைத்தாலோ, ஆஸ்மியம் டெட்ராக்சைடு போன்ற கன உலோகச் சேர்மத்தைச் செலுத்தினாலோ, அவை திசுவின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு அளவில் தங்கும். ஆஸ்மியம் கொழுப்பைப் பற்றிக்கொள்வதால் செல்களின் சவ்வுகளும் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையும் எடுப்பாகத் தெரியும். மற்றொரு வழி, கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு வளைகிறது என்பதைப் பார்ப்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

உச்சி வெயிலில் ஒரு நீர்த்தொட்டியின் அடியைப் பாருங்கள். நீர் கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒளியை அது அநேகமாக உறிஞ்சவே இல்லை. ஆனாலும் தொட்டியின் அடியில் ஒளிக்கோடுகள் வலைபோல நெளிகின்றன. மேற்பரப்பின் சிறுசிறு அலைகள் ஒளியைச் சற்றே வளைப்பதால், சில இடங்களில் அது கூடியும் சில இடங்களில் குறைந்தும் விழுகிறது. தொட்டி ஓர் அங்குல ஆழமே இருந்தால் அந்தக் கோடுகள் அவ்வளவு தெளிவாக உருவாகா. வளைந்த ஒளி ஒன்றுகூட ஓரளவு தூரம் வேண்டும். எக்ஸ்-கதிரும் மூளைத் திசுவும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. ஊடுருவல் மிகுந்த எக்ஸ்-கதிர் மென்திசுவைக் கடக்கும்போது, அதன் அலைக்கட்டத்தில், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் முந்திப் பிந்துவதில், ஏற்படும் மாற்றத்தைக் குறிக்கும் எண், உறிஞ்சுதலைக் குறிக்கும் எண்ணைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரியது. ஆகவே உணர்கருவியைத் திசுவுக்குப் பின்னால் ஒட்டி வைக்காமல் தள்ளி வைத்தால், உறிஞ்சுதலில் தெரியாத எல்லைக்கோடுகள் விளிம்பு விளிம்பாக எழுந்து வருகின்றன. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, கதிர் ஒழுங்கான அலைமுகத்தோடு வர வேண்டும். அத்தகைய கதிரைப் பெருமளவில் தருபவை சிங்க்ரோட்ரான்கள் என்னும் மாபெரும் எலக்ட்ரான் வளையங்கள்.

பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான், 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களைச் சுழல விடுகிறது. அந்த வளையம் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு 2020 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே புதைபடிவங்களை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்துவந்த தொல்லுயிரியலாளர் பால் தஃபோரோவும், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பீட்டர் லீ, கிளேர் வால்ஷ் ஆகியோரும் இணைந்து உருவாக்கிய முறை 2021-இல் வெளியானது. கல்லுக்குள் பொதிந்த எலும்பை உடைக்காமல் பார்க்கக் கற்றவர்தான் மூளையையும் வெட்டாமல் பார்க்க வழி கண்டார் என்பது என் மனத்துக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. அவர்கள் ஒரு முழு மனித மூளையை 20, 25 மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் ஒருமுறை படமெடுக்கிறார்கள். பிறகு அதே மூளையை இடம் மாற்றாமல், விரும்பிய பகுதியை மட்டும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நுணுக்கத்துக்கு நெருங்கிப் பார்க்கிறார்கள். ஊரின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு தெருவுக்குள் இறங்கி, அங்கே ஒரு வீட்டு வாசலைப் பார்ப்பது போன்றது அது. எந்த வீட்டைப் பார்க்கும்போதும் அது ஊரில் எங்கே இருக்கிறது என்பது தவறுவதே இல்லை. சீவல் முறையில் முதலில் தொலைந்துபோவது அந்த விலாசம்தான்.

சாயமே இல்லாமல் இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இன்னொரு சான்று சொல்கிறேன். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் டிம் சால்டிட்டின் குழுவினர் 2018-இல், மெழுகில் பதித்த, சாயமேற்றாத, சில மில்லிமீட்டர் அளவேயுள்ள மனிதச் சிறுமூளைத் துண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பணுக்களின் இருப்பிடத்தை முப்பரிமாணத்தில் கண்டறிந்தார்கள். அத்தகைய படத்தை சிங்க்ரோட்ரானில் மட்டுமன்றி, ஓர் ஆய்வக அறைக்குள் அடங்கும் கருவியிலும் எடுத்துக் காட்டினார்கள் என்பதைத்தான் நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

இனி நிழல்களிலிருந்து உருவத்துக்கு வருவோம். எக்ஸ்-கதிர்ப் படம் ஒவ்வொன்றும் ஒரு நிழல். பொருளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஆயிரக்கணக்கான கோணங்களில் நிழல்களைச் சேகரித்தபின், அந்த நிழல்களை உண்டாக்கிய உருவம் எது என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். எளிய எண்ணம் ஒன்று தோன்றும்: ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பூசிக்கொண்டே போனால் உருவம் கிடைத்துவிடாதா? கோலமாவால் ஒரே புள்ளி வழியாகப் பல திசைகளில் கோடிழுத்துப் பாருங்கள். அந்தப் புள்ளியில் மாவு குவிந்திருக்கும், உண்மைதான். ஆனால் அதைச் சுற்றிலும் மாவு பரவி, புள்ளியின் விளிம்பு எதுவென்றே தெரியாமல் போயிருக்கும். அப்படிக் கிடைக்கும் மூளைப் படம் பனிமூட்டத்தில் பார்த்ததுபோல் இருக்கும்.

இந்தப் பனிமூட்டத்தை விலக்கும் கணக்கை எளிமையாகவும் விரைவாகவும் செய்யும் வழியை 1971-இல் வெளியிட்டவர்கள் ஜி.என். இராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும். இராமச்சந்திரனின் பெயரிலுள்ள ஜி என்ற முதலெழுத்து திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரத்தைக் குறிப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தைக் கண்டறிந்த அவர், பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிரியற்பியல் துறையை உருவாக்கிய காலம் அது. நிழல்களைத் திரும்பப் பூசுவதற்கு முன்பாகவே ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டி வழியே செலுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. அந்த வடிகட்டி ஒவ்வொரு புள்ளிக்கும் இருபுறமும் எதிர்மறை எண்களை இடும்; எல்லாத் திசைகளிலிருந்தும் பூசி முடிக்கும்போது சிதறிய மாவை அந்த எதிர்மறை எண்கள் துல்லியமாகக் கழித்துவிடும். அதுவரை பயன்பட்டுவந்த, படத்தை அலைகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபூரியர் உருமாற்றம் இதற்குத் தேவையில்லை. வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-இலேயே இத்தகைய கணக்கைச் செய்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எக்ஸ்-கதிர்ப் படங்களுக்கு அதைக் கொண்டுவந்தவர்களின் பெயரால், உலகெங்கும் அந்த வடிகட்டியை ராம்-லக் என்றுதான் அழைக்கிறார்கள். லண்டனில், சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்ததும் அதே 1971, அக்டோபர் 1-ஆம் நாளில்தான். அந்தக் கருவி வேறொரு கணக்கு முறையைக் கையாண்டது.

நான் எழுதும் மென்பொருளில் வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் முதல் பெயர் ராம்-லக். மல்லேஸ்வரத்திலிருந்து யஷ்வந்த்பூர் பக்கம் போகும் நாள்களில் அறிவியல் கழகத்தின் மரங்கள் சூழ்ந்த மதிலைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் நினைவுக்கு வரும். அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, "இது ஏன் எங்க பாடப் புத்தகத்துல இல்ல?" என்று கேட்டாள். இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கணக்கு சரியாக இருந்தாலும் திசு சும்மா இருக்க வேண்டுமே. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்தில், அயோடினில் ஊறிய ஒரு சுண்டெலியின் மூளையை அவர்களுடைய மைக்ரோ-சி.டி. கருவியில் படமெடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நெல்லிக்காயைவிடச் சிறிய அந்த மூளையைப் பிளாஸ்டிக் குழாயில் இட்டு, அசையாதிருக்க அகர் கூழை ஊற்றி, மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய ஸ்கேன் விடியற்காலையில் முடிந்தது. மீட்டுருவாக்கிப் பார்த்தால் எல்லா விளிம்புகளும் இரட்டைக் கோடாக நின்றன. இத்தகைய இடத்தில் முதலில் செய்யும் சோதனை, தொடக்கப் படத்தையும் முழுச் சுற்று முடிந்த பின் எடுத்த கடைசிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. இரண்டும் அச்சுப்போல் பொருந்த வேண்டும். எங்கள் படங்களுக்கிடையே ஆறு புள்ளி அளவு விலகல் இருந்தது. இடைப்பட்ட படங்களைத் தேடியபோது, இரவு ஒரு மணிக்குமேல் கூழுக்குள்ளிருந்த ஒரு குமிழி மெல்லப் பெருத்து, மூளையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே போனது தெரிந்தது. குழாயைக் காற்றகற்றும் கலத்தில் வைக்காமல் அவசரத்தில் ஏற்றிவிட்டோம். கிரெனோபிளில் மூளைகளை எத்தனாலில் வைத்து, கரைந்திருக்கும் காற்றையெல்லாம் பொறுமையாக வெளியேற்றிய பிறகே கதிருக்கு முன் கொண்டுபோகிறார்கள் என்று படித்திருந்தேன். அந்தப் பொறுமையின் அவசியம் அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டாம் முறை காற்றை அகற்றி, ஓர் இரவு முழுதும் கருவியின் அறையிலேயே குழாயை வைத்து வெப்பநிலை சமமான பிறகு தொடங்கினோம். இந்த முறை, நினைவாற்றலுக்கு முக்கியமான பகுதியான ஹிப்போகாம்பஸின் சுருள் வளைவு, பெரணிக் கொழுந்து சுருண்டிருப்பதைப்போல, திரையில் முழுமையாக எழுந்தது. எந்தத் திசையில் வேண்டுமானாலும் அதை வெட்டிப் பார்க்கலாம். வெட்டுவது திரையில் மட்டும்தான், குழாயிலிருந்த மூளை அப்படியே இருந்தது.

இதற்கென்று எல்லைகள் உண்டு, அவற்றை மறைப்பது சரியல்ல. நான் சொல்லும் நுணுக்கம் எல்லாம் உயிரற்ற திசுவில் மட்டுமே. படத்தின் நுணுக்கத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் கதிர்வீச்சின் அளவு சுமார் 16 மடங்கு கூட வேண்டும். உயிருள்ள எதற்கும் அது ஆகாது, உயிரற்ற திசுவைக்கூட ஒரு கட்டத்தில் அது சுருக்கிச் சிதைத்துவிடும். 2025-இல் வெளியான ஆய்வொன்றில், சுவிட்சர்லாந்தின் சிங்க்ரோட்ரானில், கதிர்வீச்சைத் தாங்கும் பிசினில் பதித்து மிகவும் குளிரூட்டிய சுண்டெலி மூளைத் திசுவில் 38 நானோமீட்டர் நுணுக்கத்தை எட்டினார்கள். இணைப்புகளையே காணத் தொடங்கிவிட்டோம் எனலாம், ஆனால் அது மிகச் சிறிய துண்டில்தான். இன்னொன்று தரவின் சுமை. 1,300 கன சென்டிமீட்டர் மூளையை 20 மைக்ரோமீட்டர் புள்ளிகளாகப் பிரித்தால், புள்ளிக்கு இரண்டு பைட் வீதம் சுமார் 325 ஜிகாபைட் ஆகும். ஒரு நல்ல மேசைக் கணினியில் சமாளித்துவிடலாம். அதையே ஒரு மைக்ரோமீட்டராக்கினால் 2,600 டெராபைட். அதனால்தான் முழுவதையும் ஓரளவுக்கும், வேண்டிய இடத்தை மட்டும் நெருங்கியும் பார்க்கும் வழி அறிவுடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

சீவல் முறையை நான் குறைத்துப் பேசவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட கருவின் மூளை வரைபடமான தரணி, 5,132 வெட்டுத் துண்டுகளைச் செல் நுணுக்கத்தில் படமெடுத்து உருவானது. ஒவ்வொரு செல்லும் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் சாயங்கள் மூலம் காட்டும் ஆற்றல் எக்ஸ்-கதிருக்கு இன்றும் இல்லை. நான் வேண்டுவதெல்லாம் இரண்டையும் வரிசைப்படுத்திச் செய்வது. வெட்டுவதற்கு முன் ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டால், பிறகு ஒவ்வொரு சீவலையும் முழு உருவத்தில் அதனதன் இடத்தில் பொருத்த முடியும். கத்தி பட்டுக் கிழிந்ததையும் சுருங்கியதையும் சரிப்படுத்த முடியும். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க முடியும்.

நிம்ஹான்ஸில் 1995 முதல் ஒரு மூளை வங்கி இயங்கிவருகிறது. துயரத்தின் நடுவிலும் தம் வீட்டார் ஒருவரின் மூளையைக் கொடுக்கச் சம்மதிக்கும் குடும்பங்களால் அது வளர்ந்திருக்கிறது. இந்தூரில் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இயங்கும் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் படமெடுப்பதற்கென்றே ஒரு கதிர்த்தடம் இருக்கிறது. முழு மனித மூளையை ஊடுருவ அது போதாது, ஆனால் சிறு துண்டுகளுக்கு நன்றாகப் பயன்படும். முழு மூளைக்கு, நல்ல ஆய்வக மைக்ரோ-சி.டி. கருவி கொண்டு சற்றுப் பருமட்டான படத்தையாவது எடுத்து வைக்கலாம். நிழலிலிருந்து உருவத்தை மீட்கும் கணக்கு நம் ஊரில் எழுதப்பட்டது. கொடையாக வரும் ஒவ்வொரு மூளையும் கத்தியைச் சந்திப்பதற்கு முன் ஒரு முறை கதிரைச் சந்திக்க வேண்டும் என்று நான் கேட்பது பேராசை என்று எனக்குப் படவில்லை. ஒரு குடும்பம் முழுதாகக் கொடுத்ததை, வெட்டிய பிறகும் முழுதாக வைத்திருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து திரும்பிய அன்று மாலை, அந்தச் சுண்டெலி மூளையின் தரவை என் கணினியில் திறந்து அவளிடம் கொடுத்தேன். படத்தைச் சுழற்றச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டில் வெட்டினாள், மேலிருந்து வெட்டினாள், பிறகு யாரும் வெட்டாத ஒரு சாய்வான கோணத்தில் வெட்டி, ஒரு நரம்பிழைக் கற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறுபடாமல் ஓடுவதைக் கண்டுபிடித்தாள். சாப்பிட இரண்டு முறை கூப்பிட்டோம், வரவில்லை. திரையில் அந்தக் கற்றையின் முனை எங்கே போய் முடிகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.